தாய் பிறந்த ஊர்

பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வருடந்தோறும் ஒரு வேடிக்கையான வேலை உண்டு. தாங்கள் இன்னும் சாகவில்லை என்று பிரான்சுக்கு எழுதி அனுப்ப வேண்டும். முதலியார்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருந்த பழைய சொல்தாக்களும் அவர்களுடைய விதவைகளும் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசஃபின் வீட்டுக்குத்தான் வருவார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இந்த ஊரில் அது ஒரு ஜாதி மாதிரி. அந்த ஜாதியில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சில் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் ஆண்டவர் விட்ட வழி.

ஜோசஃபினின் புருஷன் தெய்வசிகாமணியும் சொல்தாவாக இருந்து 1978இல் செத்துப்போனவர்தான். அவள் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதித் தருவாள். எழுதும்போது குடும்பங்களின் அந்தரங்கமெல்லாம் அவள் மூக்குக் கண்ணாடி வழியாகத்தான் போகும். யார் முதல் மனைவி, யார் இரண்டாவது, எந்தப் பிள்ளைக்கு வயது குறைத்துப் பதிந்திருக்கிறது, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. அதே சமயம் காகிதத்தில் பொய்யும் எழுத மாட்டாள். மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பது அவள் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

தன்னுடைய காகிதத்தில் 'தாய் பிறந்த ஊர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் 'மெமெல்' என்று எழுதுவாள். முதல் பெரிய சண்டை முடிந்த பிறகு, பால்டிக் கடலோரத்தில் இருக்கிற அந்தத் துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வருடம் ஆண்டார்கள். அந்தப் பட்டாளத்தின் உணவுக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர் அவள் அப்பா சின்னக்கண்ணு. 1923இல் பட்டாளம் அங்கிருந்து மூட்டை கட்டியபோது அவரும் கட்டினார். ஊர் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் பக்கத்தில் ஒரு லிதுவேனியப் பெண்ணும் இருந்தார்கள். அவள் பெயர் ஓனா.

ஊர் சும்மா இருக்குமா? இரண்டே வாரத்தில் ஓனாவை ஓணான் ஆக்கிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்று சின்னக்கண்ணுவின் அக்காமார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நாள் ஈர விறகு எரிந்து சமையலறை முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த ஓனா, "தூமை, தூமை" என்று கத்தினாள். அவள் பாஷையில் அதற்குப் புகை என்று அர்த்தம். நம் பாஷையில் அது பெண்களின் மாதத் தீட்டு. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுதான் என்றாலும் தீட்டு தீட்டுதானே. அவளைப் பின்கட்டில் உட்காரவைத்து மூன்று நாள் தனித்தட்டில் சோறு போட்டார்கள். எதற்காக என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இந்த ஊரில் மருமகளை வரவேற்கும் முறை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள், பாவம்.

ஓனாவுக்கு இரண்டு பிள்ளைகள். 1924இல் அர்மான், 1926இல் ஜோசஃபின். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஓனா அர்மானை வெளிச்சத்தில் உட்காரவைத்து ஊசியில் நூல் கோக்கச் சொல்வாள். கோத்த பிறகு சிவப்பு நூலையும் பச்சை நூலையும் தூக்கிக் காட்டி நிறம் கேட்பாள். ஜோசஃபினிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பையனைத் தையல்காரனாக்கப் போகிறாளா என்று அத்தைமார் கேலி செய்தார்கள். ஜோசஃபினுக்கோ அண்ணன் மேல் பொறாமை. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே பத்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயதானபோது ஓனா விஷக் காய்ச்சலில் போய்விட்டாள்.

அர்மான் தையல்காரன் ஆகவில்லை, சொல்தா ஆனான். சைகோனில் இருந்தபோது, இருபத்துநாலு வயதில், மூன்றே மாதத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போனது. ஓரத்தில் நிழல் தெரியும், எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. கெட்ட சாராயம் குடித்துக் கெட்டான் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அர்மான் சத்தியம் செய்து பார்த்தான், யாரும் நம்பவில்லை. பிறகு சின்னப்பாப்பா என்ற மில் தொழிலாளியின் மகள் அவனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண் பிறந்தாள். பெயர் ஜெயம்.

ஜெயம் நல்ல பெண். வேலை தெரிந்தவள், வாயடக்கம் உள்ளவள். ஆனால் அப்பன் குருடன். 1976இல் அவளுக்கு இருபது வயதானபோது உழவர்கரையில் இருந்து ஒரு நல்ல இடம் வந்தது. அவர்களும் பென்ஷன் குடும்பம்தான், ஜோசஃபினிடம் காகிதம் எழுதிக்கொள்கிறவர்கள். உங்கள் அண்ணன் கண் போனது சாராயத்தாலா, ரத்தத்தாலா என்று அவளிடமே வந்து கேட்டார்கள். ஜோசஃபின் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, எங்க அண்ணன் சாராயத்தைத் தொட்டதே கிடையாது, ரத்தமாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணனின் பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னதாகவும் நினைத்தாள். அந்த இடம் அப்படியே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வந்த இரண்டு இடங்களும் அதைக் கேள்விப்பட்டுப் பின்வாங்கின. சின்னப்பாப்பா நாத்தனார் வீட்டுப் படியை மிதிப்பதை நிறுத்தினாள். ஜோசஃபினுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் தப்புச் செய்ததாகத் தோன்றவில்லை. கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் நேர்மையாக இருப்பது சுலபம்.

ஜோசஃபினுக்கும் இரண்டு பிள்ளைகள், ஷார்லும் செலினும். ஷார்ல் மாமன் ஜாடை, அதே சாம்பல் கண். அப்பாவைப் போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர ஃபாரம் எல்லாம் எழுதி வைத்திருந்தான். 1982இல், இருபத்திரண்டு வயதில், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, ஒன் தலைமுடி தெரியுது, தோள் தெரியுது. நடுவுல மூஞ்சி மட்டும் காணோம்."

சைகோனில் இருந்து அர்மான் யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதத்தில் இருந்த அதே வாக்கியம். ஆறு மாதத்தில் ஷார்லுக்குப் படிப்பதும் போனது, பஸ் நம்பர் தெரிவதும் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், நேர்ந்துகொண்டார்கள், பூனைக்கண் பையனுக்குத் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எதுவும் ஆகாததால் ஊர் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாமனுக்கு வந்த கேடு மருமகனைப் பிடித்துவிட்டது. அதைக் காதில் வாங்கிய அர்மான், அன்றோடு தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். தன் நிழல் பட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சின்னப்பாப்பாவிடம் சொன்னானாம்.

கண் டாக்டர் கோவிந்தசாமி இளவயதுக்காரர். வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிறவர். ஷார்லைப் பார்த்த பிறகு அர்மானையும் கூட்டிவரச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் ஜோசஃபினை மட்டும் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேலே ஓனாவுக்கு ஒரு வட்டம், அதன் கீழே அர்மானுக்கு ஒரு சதுரம், ஜோசஃபினுக்கு ஒரு வட்டம். சதுரத்தின் கீழே ஜெயம், வட்டத்தின் கீழே ஷார்லும் செலினும்.

கோழி முட்டையில் குஞ்சுக்கு வேண்டிய தீனி முழுக்கத் தாய்க்கோழி வைத்ததுதான், சேவல் அதில் ஒன்றும் வைப்பதில்லை என்றார் டாக்டர். மனுஷருக்கும் அப்படி ஒரு சரக்கு உண்டு. அம்மா மட்டும்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். மகனும் வாங்கிக்கொள்வான், ஆனால் அவனால் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, அவனோடு நின்றுவிடும். மகள் வாங்கிக்கொண்டு அவள் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். உங்கள் குடும்பத்தில் அந்தச் சரக்கில் ஒரு பழுது இருக்கிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆண்பிள்ளைகளின் கண்ணைத்தான் எடுக்கும். எல்லா ஆண்பிள்ளைக்கும் வரும் என்றும் இல்லை.

ஜோசஃபின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க அண்ணன் குடுத்தது இல்லியா டாக்டர்?"

"அவரு என்னம்மா குடுக்கறது, அவருக்கே வந்ததுதான். அவருக்கும் ஒங்களுக்கும் ஒங்க அம்மா குடுத்தாங்க. ஷார்லுக்கு நீங்க குடுத்தீங்க."

"ஜெயத்துக்கு?"

"அந்தப் பொண்ணுக்கும் வராது, அதோட புள்ளைங்களுக்கும் வராது."

செலினைப் பற்றி அவள் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. பென்சிலால் அவளுடைய வட்டத்தை மட்டும் மெதுவாகக் கருப்பாக்கினார்.

தாய் மட்டுமே கொடுக்கிற இந்தச் சரக்கை வைத்து, எந்த ஜனம் எங்கிருந்து வந்தது என்றுகூட இப்போது வெளிநாட்டில் தேட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று டாக்டர் ஆர்வமாகச் சொன்னார். உங்கள் அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா, பால்டிக் கடலோரத்தில் எத்தனை தலைமுறையோ, அவர்கள் எல்லாரும் உங்கள் உடம்பில் அப்படியே இருக்கிறார்கள் என்றார். ஓனாவின் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் எழுதிக் கேட்கச் சொன்னார். ஜோசஃபின் மெமெலில் இருக்கிற மாதா கோயிலுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இப்போது அந்த ஊருக்கு வேறு பெயர், ரஷ்யாக்காரர்கள் ஆட்சி. பதில் வரவில்லை.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஊரின் பாட்டு ஒன்று தனக்குத் தெரியுமா? பலகாரம் ஒன்று செய்யத் தெரியுமா? புகைக்கு ஒரு வார்த்தை தெரியும், அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சாம்பாரும் சோறும் தின்று, தமிழில் கனவு கண்டு, ஐம்பத்தேழு வருடம் இந்த வெயிலில் காய்ந்தவளிடம் அந்த ஊர் தன் வியாதியை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறது. அப்போதுதான் ஊசியும் நூலும் ஞாபகம் வந்தன. மகனிடம் மட்டும் நிறம் கேட்டாளே, மகளிடம் ஏன் கேட்கவில்லை? ஓனாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய தம்பியோ மாமனோ கண் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறாள். சின்னக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே பிள்ளை பெற்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள்.

1984இல் செலினுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பாரிசில் தபால் இலாகாவில் வேலை. அவன் அம்மா கன்னியம்மாள் உழவர்கரைக்காரி, நாலு பேர் கூடின இடத்தில் தன் குரல்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவள். செலினை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஜோசஃபினின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஷார்லின் கண்ணைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்றாள். அது மாமன் வீட்டுக் கேடு, பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எங்களுக்கு அட்டியில்லை என்று பெரிய மனது பண்ணினாள்.

ஜோசஃபின் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு, செலினை உட்காரவைத்து டாக்டர் போட்ட படத்தைக் காட்டினாள். செலின் நர்சரிப் பள்ளியில் டீச்சர், சொன்னது உடனே புரிந்தது. முகம் வெளுத்தது. அழவில்லை.

"இதை அவங்ககிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

சொல்லாமல் எப்படி என்றாள் ஜோசஃபின்.

"நீதானம்மா சொல்லுவ, மறைக்கறது வேற, பொய் சொல்றது வேறன்னு. அவங்க கேக்கல. கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? ஜெயம் அக்காவுக்கு நீ பண்ண பாவத்துக்கு என்னை எதுக்கு விக்கற?"

மகள் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. ஒன்பது நாள் அவள் யாருக்கும் காகிதம் எழுதவில்லை. வந்தவர்களை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். பத்தாம் நாள் செலினிடம், சரி, சொல்லவில்லை என்றாள். செலின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பெண் இப்படிக் கையைப் பிடிக்கிறபோது எந்தக் கொள்கை நிற்கும்?

நிச்சயதார்த்தத்துக்கு அண்ணன் குடும்பத்தை அழைக்காமல் இருக்க முடியாது. தாய்மாமன் இல்லாமல் என்ன சடங்கு? ஜோசஃபினே போய்க் கெஞ்சிக் கூப்பிட்டாள். சின்னப்பாப்பா வர மறுத்துவிட்டாள். அர்மான் வந்து வாசல் பக்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டான். ஜெயம் மட்டும் உள்ளே வந்து வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

பூத்தட்டை எடுத்துக்கொண்டு ஜெயம் கூடத்துக்கு வந்தாள். கன்னியம்மாள் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு தட்டைத் தொட வேணாம் சம்மந்தி. குருட்டு ரத்தம். நல்ல காரியம் நடக்கற எடம்."

ஜெயத்தின் முகம்கூட மாறவில்லை. பழகிப்போனவள் மாதிரித் தட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஜோசஃபினால் அந்தக் கை துடைப்பைத்தான் பார்க்க முடியவில்லை. எட்டு வருடத்துக்கு முன் தான் சொன்ன ஒரு வார்த்தை இந்தப் பெண்ணை இப்படிக் கை துடைக்கப் பழக்கியிருக்கிறது. வாசலில் அர்மான் தலையைக் குனிந்துகொண்டது தெரிந்தது. செலின் அம்மாவையே பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அந்த ரத்தம் ஜெயத்துகிட்ட இல்ல சம்மந்தி," என்றாள் ஜோசஃபின். "எங்கிட்ட இருக்குது. எங்கிட்டேருந்து செலினுக்குப் போயிருக்குது. அதுக்குப் பொறக்கற ஆம்பளப் புள்ளைக்குக் கண்ணு போனாலும் போவும். டாக்டரு சொன்னாரு. எங்க அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல."

கன்னியம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"கண்ணு தெரியாத அப்பன் குடுக்க மாட்டானாம், கண்ணு நல்லாத் தெரியற அம்மா குடுப்பாளாம். இது எந்த ஊரு நியாயம்?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் கேள்வியை ஊரும் எடுத்துக்கொண்டது. ஜெயத்துக்கு உடனே மாப்பிள்ளை வரிசையில் நிற்பான் என்று ஜோசஃபின் நினைத்திருந்தால், ஊரைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். முன்னே ஒரு வீடு குருட்டு வீடு, இப்போது இரண்டு வீடு. அவ்வளவுதான் ஊருக்குப் புரிந்தது. படத்தைக் காட்டினாலும் சதுரம் என்ன, வட்டம் என்ன என்று சிரித்தார்கள்.

நம்பியவன் ஒருவன்தான். அன்று எல்லாரும் போன பிறகும் அர்மான் வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜோசஃபின் பக்கத்தில் போனதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு தரம் சொல்லு ஜோசஃபின். என்னால ஜெயத்துக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லண்ணா."

"ஷார்லுக்கும் நான் இல்லியா?"

"நீ இல்லண்ணா. நான்தான்."

அறுபது வயது மனுஷன் விம்மி விம்மி அழுதான். முப்பத்தாறு வருடம் தன்னைத்தானே சபித்துக்கொண்டிருந்தவன் அவன். அண்ணன் நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவதைப் பார்த்து ஜோசஃபின் சந்தோஷப்பட வேண்டும். படத்தான் செய்தாள். ஆனால் உள்ளே அறையில் செலின் பட்டுப் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் சின்னப்பாப்பா எட்டு வருடத்துக்குப் பிறகு படியேறி வந்து, வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

செலின் அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம், ஷார்லுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்களைப் பெத்திருப்பியாம்மா?"

ஜோசஃபின் யோசிக்கவே இல்லை. "பெத்திருப்பேன். ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் பெத்திருப்பேன்."

"அவரு வேணாம்னு போயிருந்தா?"

போயிருந்தால் இந்த இரண்டு பேரும் இல்லை. ஓனா வாயைத் திறந்திருந்தால் ஜோசஃபினே இல்லை. அம்மா மேல் இத்தனை நாள் பட்ட கோபம், தான் உயிரோடு இருப்பதற்கே காரணமான ஒரு மௌனத்தின் மேல் பட்ட கோபம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஜோசஃபின் மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். அவள் வாழ்நாளில் சொன்னதிலேயே நேர்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும். ஷார்ல் தட்டைத் தடவிச் சாப்பிட்டு முடித்தான்.

1986 ஜூலையில் ஒரு சாயங்காலம் செலின் பள்ளியில் இருந்து நேரம் கழித்து வந்தாள். செருப்பைக் கழற்றாமலே அம்மாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். லாஸ்பேட்டையில் கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிற கொளஞ்சி என்பவர் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதாகச் சொன்னாள். பெயரைக் கேட்டதுமே வேதக்காரர் இல்லை என்று தெரிந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் ஜோசஃபின் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் புலம்பியிருப்பாள். இப்போது அவள் பயந்தது வேறு விஷயத்துக்கு. அந்த மனுஷன் வீட்டுப் படியேறி வந்தால் தான் மறுபடியும் வாயைத் திறக்க வேண்டுமே, மகள் மறுபடியும் கண்ணால் கெஞ்சுவாளே.

"நீ பயப்படாத," என்றாள் செலின். "நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஷார்ல், மாமா, ஒங்க அம்மா. எனக்குப் பையன் பொறந்தா என்ன, பொண்ணு பொறந்தா என்ன. படமே போட்டுக் காட்டிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"யோசிச்சிச் சொல்றேன்னாரு. எத்தனை நாளுன்னு நான் கேக்கல."

ஜோசஃபினும் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்தவர்கள், அன்றிலிருந்து சேர்ந்து காத்திருக்க ஆரம்பித்தார்கள்.